ஒரு இலட்சம் மேற்கோள் இருந்தால் அது உண்மையாகிவிடுமா?

சென்ற தவணையில் ஒரு நாள், நான்காம் படிவ மாணவி ஒருத்தி ஓய்வு நேரத்தில் என்னைத் தேடி ஆசிரியர் அறைக்கு வந்தாள். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர அனுமதி இல்லை. அதனால் குடும்பப் புலனக் குழுவில் வந்த ஒரு செய்தியைத் தாளில் அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் புற்றுநோயை அழிக்கும் என்றது அந்தச் செய்தி. அமெரிக்காவின் மிகப் பெரிய புற்றுநோய் மையத்தில் பணியாற்றிய விஞ்ஞானியே அதை நிரூபித்துவிட்டாராம். அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரைகள் 600-க்கும் மேல். அவற்றை மற்ற விஞ்ஞானிகள் மேற்கோள் காட்டியது ஒரு இலட்சம் முறைக்கும் மேல். செய்தியின் அடியில் குர்குமின் மாத்திரைப் புட்டி விற்பவரின் தொலைபேசி எண்.

அவளுடைய பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு குடும்பம் ஈப்போ புந்தோங்குக்குக் குடிவந்துவிட்டது. பாட்டிக்கு மார்பகப் புற்றுநோய். மருத்துவமனையில் கீமோ சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். பெரிய மாமாவோ, மூன்று மாதம் இந்த மாத்திரையைச் சாப்பிட்டுப் பார்க்கட்டும், பிறகு கீமோவைப் பற்றி யோசிக்கலாம் என்கிறாராம்.

“டீச்சர், இத்தன பேரு மேற்கோள் காட்டியிருக்காங்கன்னா அது உண்மையாத்தானே இருக்கும்?”

கேள்வி நியாயமானது. “ஆதாரம் இருக்கிறதா என்று கேளுங்கள்” என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அவள் ஆதாரத்தோடுதான் வந்திருந்தாள். அந்தச் செய்தியில் இருந்த எண்களும் பொய்யல்ல. ஆனாலும், “இந்த எண்ணை நம்பிப் பாட்டியின் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்” என்று நான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்க ஓய்வு நேரம் போதவில்லை. அந்த விளக்கம்தான் இந்தக் கட்டுரை.

மேற்கோள் என்றால் என்ன?

ஒரு விஞ்ஞானி ஆய்வுக்கட்டுரை எழுதும்போது, தமக்கு முன் அதே துறையில் எழுதியவர்களின் கட்டுரைகளைக் குறிப்பிடுவார். “இதை இவர் முன்பே கண்டுபிடித்தார்”, “இந்த முறையை இவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்”, “இவர் சொன்னது தவறு” என்று பல காரணங்களுக்காகக் குறிப்பிடலாம். இப்படிக் குறிப்பிடுவதுதான் மேற்கோள்.

எந்தக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதைத் தொகுக்கும் யோசனையை 1955-இல் முன்வைத்தவர் யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர். 1964-இல் அவருடைய நிறுவனம் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. ஒரு கருத்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தேடிக் கண்டுபிடிக்க உதவும் நூலகக் கருவி அது. நாளடைவில் அதுவே மனிதர்களை அளக்கும் தராசாகிவிட்டது.

2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-குறியீடு என்ற அளவையைக் கொண்டுவந்தார். கணக்கு எளிது. உங்களிடம் 5 கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றுக்கு முறையே 10, 8, 5, 4, 1 மேற்கோள்கள் கிடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 4 இருக்கின்றன. ஆகவே உங்கள் எச்-குறியீடு 4. இப்போது வேலை, பதவி உயர்வு, ஆய்வு மானியம் எல்லாவற்றுக்கும் இந்த எண்ணைப் பார்க்கிறார்கள். கியூ.எஸ். பல்கலைக்கழகத் தரவரிசையிலும் மேற்கோள் எண்ணிக்கைக்குத் தனி மதிப்பெண் உண்டு.

மேற்கோள் எண்ணிக்கை எதைக் காட்டுகிறது? ஒரு கட்டுரையை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் அல்லது பேசினார்கள் என்பதைக் காட்டுகிறது. அந்தக் கட்டுரை சரியா தவறா என்பதை அது காட்டுவதில்லை. உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் முதலிடத்தில் இருப்பது 1951-இல் ஆலிவர் லோரியும் அவருடைய சகாக்களும் எழுதியது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை அது விளக்குகிறது. அதற்கு 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். டி.என்.ஏ.-யின் வடிவத்தை 1953-இல் உலகுக்குச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரையோ, 2014-இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்ட முதல் 100 கட்டுரைகளின் பட்டியலிலேயே இல்லை. புரதம் அளப்பது டி.என்.ஏ.-யைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அன்றாடம் தேவைப்படும் கருவி என்பதால் எல்லாரும் அதைக் குறிப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

மஞ்சள் விஞ்ஞானியின் கதை

புலனச் செய்தியில் வந்த விஞ்ஞானியின் பெயர் பாரத் அகர்வால். இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில் பிறந்தவர். 1977-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு ஜெனென்டெக் நிறுவனத்தில் சேர்ந்தார். 1980-களின் நடுவில் டி.என்.எஃப். என்ற புரதத்தைப் பிரித்தெடுத்துச் சுத்தப்படுத்திய குழுவில் அவர் முக்கியமானவர். உடலில் வீக்கத்தைத் தூண்டும் புரதம் அது. அதைத் தடுக்கும் மருந்துகள் இன்று மூட்டுவாத நோயாளிகளுக்கு உலகெங்கும் கொடுக்கப்படுகின்றன. ஆகவே அவர் அறிவியலுக்கு ஒன்றும் செய்யாதவர் அல்லர். இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

1989-இல் அவர் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துக்கு மாறினார். உயிரணுவுக்குள் என்.எஃப். கப்பா பி என்ற ஒரு புரதம் இருக்கிறது. மின்விளக்கின் சுவிட்சைப் போல அது பல மரபணுக்களை முடுக்கிவிடும், வீக்கம் வரும், சாகவேண்டிய அணு சாகாமல் பிழைத்துக்கொள்ளும். பல புற்றணுக்களில் இந்தச் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே கிடக்கிறது. குர்குமின் அதை அணைக்கிறது என்று 1995-இல் அகர்வாலின் ஆய்வகம் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதன்பின் குர்குமின் பற்றிய கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. உலகின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் அவற்றை மேற்கோள் காட்டினார்கள். உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் விஞ்ஞானிகள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

2012-இல் சிக்கல் வெளியே வந்தது. அவருடைய ஆய்வகத்தின் பல கட்டுரைகளில் வந்த படங்கள் குறித்து மற்ற விஞ்ஞானிகள் கேள்வி எழுப்பினார்கள். எம்.டி. ஆண்டர்சன் மையம் விசாரணையில் இறங்கியது. 2015-இல் அவர் அங்கிருந்து விலகினார். 2016-இல் ஓர் ஆய்விதழ் அவருடைய 7 கட்டுரைகளை ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றது. ‘திரும்பப் பெறுதல்’ என்றால், “இந்தக் கட்டுரையை இனி நம்பவேண்டாம்” என்று ஆய்விதழே அறிவிப்பது. பிறகு மற்ற இதழ்களும் அதே வழியில் போயின. இன்று அவர் பெயர் உள்ள கட்டுரைகளில் திரும்பப் பெறப்பட்டவை 20-க்கும் மேல்.

ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கம் அல்ல. ஆய்வகக் கட்டுரை என்பது பலர் சேர்ந்து செய்யும் வேலை. என் கவலை அந்த எண்ணைப் பற்றியது. கட்டுரை திரும்பப் பெறப்பட்ட பிறகும் அதற்குக் கிடைத்த மேற்கோள்கள் கணக்கில் அப்படியே நிற்கின்றன. அதைக் கவனிக்காமல் இன்னும் மேற்கோள் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கை ஏறும், இறங்காது. புந்தோங்கில் ஒரு பாட்டியின் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அந்த எண்ணிக்கைதான். திரும்பப் பெற்ற அறிவிப்பு வந்து சேரவில்லை.

சரி, குர்குமின் வேலை செய்யுமா?

சிலர் கேட்கலாம்: “சில கட்டுரைகள் போனால் என்ன? குர்குமினை மற்றவர்களும் ஆராய்ந்திருக்கிறார்களே?” ஆராய்ந்திருக்கிறார்கள். 2017-இல் கேத்ரின் நெல்சன் என்ற மருந்து வேதியியலாளரும் அவர் குழுவினரும் அந்த ஆய்வுகளைத் திரட்டி அலசிப் பார்த்தார்கள். அதற்குள் மனிதர்களிடம் 120-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்திருந்தன. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் நடத்தப்படும் கண்டிப்பான சோதனைகளில் ஒன்றில்கூடக் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று அவர்கள் எழுதினார்கள்.

காரணங்களை நீங்களே புரிந்துகொள்ளலாம். மஞ்சள்தூளில் குர்குமின் இருப்பதே எடையில் சுமார் 3 விழுக்காடுதான். விழுங்கினால் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. நாளுக்கு 8 கிராம் கொடுத்துப் பார்த்த சோதனைகளிலும் இரத்தத்தில் மிக மிகக் குறைவாகவே காணப்பட்டது. நம் இரத்தத்தின் பி.எச். 7.4. அந்த நிலையில் குர்குமின் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும்.

பள்ளிச் சட்டையில் குழம்பு பட்டு, அம்மா சோப்புப் போட்டதும் கறை சிவந்துபோனதைப் பார்த்திருப்பீர்கள். சோப்பின் காரத்தோடு குர்குமின் காட்டும் வேலைதான் அது. எதனோடும் சட்டென்று ஒட்டி உறவாடும் மூலக்கூறு அது. தானே ஒளியும் வீசும். அதனால் நிறத்தையும் ஒளியையும் வைத்து அளக்கும் ஆய்வகச் சோதனைகளில், வேலை நடக்காதபோதும் நடந்ததைப் போல ஏமாற்றிவிடும். கண்ணாடித் தட்டில் வளரும் புற்றணுவைக் கொல்வது பெரிய காரியம் அல்ல. குளோராக்ஸ் ஊற்றினாலும் அது செத்துவிடும். மனித உடலுக்குள், நல்ல அணுக்களை விட்டுவிட்டு, கெட்டதை மட்டும் கொல்ல வேண்டும். கடினமான பகுதி அதுதான்.

மஞ்சளைக் குறை சொன்னால் நம் பாரம்பரியத்தைக் குறை சொன்னதாகச் சிலர் வருந்துவார்கள். குழம்பில் மஞ்சள் போடுங்கள், நானும் போடுகிறேன். மஞ்சளின் பெருமைக்காக நாம் ஒருமுறை முறையாகப் போராடியதும் உண்டு. மஞ்சள்தூள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் அதை எதிர்த்தது. இது எங்களுக்கு முன்பே தெரியும் என்பதைப் பழைய எழுத்துச் சான்றுகளைக் காட்டி நிறுவியது. 1997-இல் காப்புரிமை ரத்தானது. அங்கே வென்றது மேற்கோள்தான். ஆனால் எத்தனை மேற்கோள் என்று யாரும் எண்ணவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து படித்துப் பார்த்தார்கள்.

படம் பொய் சொன்னால்

மூலக்கூறு உயிரியல் கட்டுரைகளில் ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்ற ஒரு படம் அடிக்கடி வரும். வெள்ளைப் பின்னணியில் வரிசையாகக் கறுப்புக் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு புரதம். கோடு தடித்தால் புரதம் அதிகம், மங்கினால் குறைவு. மருந்து போட்ட பிறகு கோடு மங்கியது என்றால், மருந்து வேலை செய்தது என்று பொருள். ஒரு சோதனையின் கோட்டை வெட்டி இன்னொரு சோதனையின் படத்தில் ஒட்டினாலோ, திருப்பிப் போட்டுப் புதியது என்று காட்டினாலோ சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது.

எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளருக்கு அது தெரிந்தது. அவரும் இரு சக ஆய்வாளர்களும் சேர்ந்து 2016-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 40 ஆய்விதழ்களில் வந்த 20,621 கட்டுரைகளின் படங்களை அவர் தம் கண்ணாலேயே ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தார். அவற்றில் 3.8 விழுக்காட்டில் ஒரே படம் முறையில்லாமல் மறுபடி பயன்படுத்தப்பட்டிருந்தது. அதாவது 25 கட்டுரைக்கு ஏறத்தாழ ஒன்று.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் கதை என்று எண்ண வேண்டாம். அதே 2016-இல், மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களின் புற்றுநோய்க் கட்டுரை ஒன்று சமூக ஊடகங்களில் உலகம் முழுக்கப் பரவியது. கல்லீரல் புற்றணுக்களை ஒரு புதிய சேர்மம் கொல்கிறது என்று சொன்ன கட்டுரை அது. வெவ்வேறு சோதனைகள் என்று காட்டப்பட்ட படங்களில் ஒரே உருவங்கள் மறுபடி மறுபடி இருப்பதை வாசகர்கள் வட்டம் போட்டுக் காட்டினார்கள். பல்கலைக்கழகம் விசாரணை நடத்தியது. முறைகேடு நடந்திருப்பதை ஒப்புக்கொண்டது. கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. நாட்டுக்கு அது தலைகுனிவுதான். ஆனால் மூடி மறைக்காமல் விசாரித்துச் சொன்னதை நான் மதிக்கிறேன். தவறைத் திருத்திக்கொள்ள வழி வைத்திருப்பதுதான் அறிவியலின் பலம்.

பொய்யே கலக்காத கட்டுரையும் தவறிப்போகலாம். ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம், புற்றுநோய்த் துறையில் பேர்பெற்ற 53 ஆய்வுகளைத் தன் ஆய்வகத்தில் மறுபடி செய்துபார்த்தது. 6 மட்டுமே அதே முடிவைத் தந்தன என்று 2012-இல் அறிவித்தார்கள். 2021-இல் முடிந்த இன்னொரு பெரிய முயற்சியில், 23 கட்டுரைகளிலிருந்து 50 சோதனைகளை மறுபடி செய்தார்கள். விளைவு கிடைத்த இடங்களிலும், முதலில் சொன்னதைவிட அது மிகவும் சிறியதாகவே இருந்தது.

பாலும் தண்ணீரும்

நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. தோட்டத்தில் வெட்டிய பாலை வாளிகளில் சுமந்துகொண்டு நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்பார்கள். எத்தனை கிலோ பால் என்பதை மட்டும் பார்த்துக் கூலி கொடுத்தால் என்ன ஆகும்? வாளியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும், எடை கூடிவிடும். அதனால்தான் கிராணி மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இறக்கிப் பார்ப்பார்.

ஐந்தாம் படிவ மாணவர்கள் இதன் இயற்பியலை யோசித்துப் பாருங்கள். மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். ரப்பரின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. ஆகவே ரப்பர் அதிகமுள்ள நல்ல பாலில் மெட்ரோலாக் ஆழமாக அமிழும். தண்ணீர் கலந்த பாலில் அது மேலே எழும்பி நிற்கும். எடைத்தராசு காட்டாததை அது காட்டிக்கொடுத்துவிடும்.

மேற்கோள் எண்ணிக்கை வாளியின் எடை. அந்தக் கட்டுரையில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது வாளியில் உள்ள ரப்பர். அறிவியல் உலகம் தராசை மட்டும் வைத்துக்கொண்டு, மெட்ரோலாக்கை மூலையில் போட்டுவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு. எடைக்குத்தான் கூலி என்று ஆகிவிட்டால், தண்ணீர் ஊற்றாமல் உழைப்பவர்தான் நட்டப்படுவார்.

அப்படி நட்டப்பட்டவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரியும். ஹங்கேரியில் பிறந்த கேத்தலின் கரிகோ அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.என்.ஏ. ஆய்வு செய்தார். மானியம் கிடைக்கவில்லை. 1995-இல் அவரைப் பதவி இறக்கினார்கள். 2005-இல் அவரும் ட்ரூ வைஸ்மனும் வெளியிட்ட முக்கியமான கட்டுரையை அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கோவிட் காலத்தில் நம்மில் பலர் போட்டுக்கொண்ட ஃபைசர் தடுப்பூசி அந்த ஆய்வின் மேல்தான் எழுந்தது. 2023-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவரிடம் ரப்பர் இருந்தது. எடை வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

எண்ணே வேண்டாமா?

அப்படியானால் மேற்கோள் கணக்கை ஒழித்துவிடலாமா? வேண்டாம் என்பேன். எண் இல்லாத காலத்தில் யாருக்கு வேலை, யாருக்கு மானியம் என்பதைப் பெரியவர்களின் பழக்கமும் சிபாரிசும் தீர்மானித்தன. தோட்டத்தில் பிறந்து, யாரையும் தெரியாமல், நல்ல ஆய்வு செய்கிற ஒரு பிள்ளைக்கு, “என் கட்டுரையை இத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள்” என்று காட்ட ஓர் எண் இருப்பது நல்லதுதான். தராசைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தராசோடு மெட்ரோலாக்கும் வேண்டும் என்கிறேன். ஒரு விஞ்ஞானியை எடைபோடும்போது அவருடைய கட்டுரைகளில் சிலவற்றையாவது திறந்து படிக்க வேண்டும். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைத்ததா என்று கேட்க வேண்டும்.

என் வகுப்பறையில் நடந்தது

விஞ்ஞானிகளைச் சொல்லிவிட்டு நான் மட்டும் தப்பித்துக்கொள்ள முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் சவ்வூடு பரவல் சோதனை. உருளைக்கிழங்குத் துண்டுகளை வெவ்வேறு செறிவுள்ள சர்க்கரைக் கரைசலில் போட்டு, எடை மாற்றத்தை வரைபடமாகப் போட வேண்டும். ஒரு மாணவனின் கோடு கோணல்மாணலாக வந்தது. இன்னொரு மாணவனின் கோடு புத்தகத்தில் இருப்பதைப் போல வழுவழுவென்று இருந்தது. கோணல் கோட்டுக்கு 10-க்கு 6 கொடுத்தேன். வழுவழுப்பான கோட்டுக்கு 10. வருடக் கடைசியில்தான் தெரிந்தது: இரண்டாமவன் எடையே போடவில்லை, பயிற்சி நூலைப் பார்த்து எண்களை எழுதிவிட்டான். முதலாமவன்தான் உண்மையில் எடை போட்டுப் பார்த்தவன். துண்டுகளின் மேலிருந்த ஈரத்தைச் சரியாகத் துடைக்கவில்லை, தவறு அவ்வளவுதான்.

அன்று நான் அந்த வகுப்புக்கு என்ன கற்றுக்கொடுத்தேன்? “எனக்கு வேண்டியது அழகான கோடு, அது எப்படி வந்தாலும் பரவாயில்லை” என்பதைத்தான். மேற்கோளை மட்டும் எண்ணும் உலகமும் இளம் ஆய்வாளர்களுக்கு இதைத்தான் கற்றுக்கொடுக்கிறது. படத்தை வெட்டி ஒட்டுகிறவர் ஆய்வகத்துக்குப் போன பிறகு திடீரென்று அப்படி மாறுவதில்லை. பள்ளிக்கூடத்திலேயே பழக்கம் தொடங்கிவிடுகிறது.

இப்போது என் வகுப்பில் வரைபடத்துக்கு முன் கச்சா ஏட்டைப் பார்க்கிறேன். அடித்துத் திருத்திய எண்களோடு, “ஏன் இப்படி வந்தது என்று நினைக்கிறாய்?” என்ற கேள்விக்கு எழுதிய பதிலோடு வரும் கோணல் கோட்டுக்கு முழு மதிப்பெண் தருகிறேன். மற்ற ஆசிரியர்களும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. தேர்வுக்கு நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் பொய்யான கோட்டைத் திருத்தும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆகாது.

நீங்கள் இறக்கிப் பார்க்க வேண்டிய மெட்ரோலாக்

உங்கள் வீட்டுப் புலனத்தில் அடுத்த முறை “விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்” என்ற செய்தி வரும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: சோதனை எதில் நடந்தது? தட்டில் வளர்த்த அணுவிலா, எலியிலா, மனிதரிலா? மனிதர் என்றால் எத்தனை பேர்?

இரண்டாவது: சம்பந்தமில்லாத வேறொரு குழு அதையே செய்து அதே முடிவைப் பெற்றதா?

மூன்றாவது: கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா? கட்டுரையின் தலைப்பை ஆய்விதழின் இணையப் பக்கத்தில் தேடினால், திரும்பப் பெறப்பட்டிருந்தால் அங்கேயே அறிவிப்பு இருக்கும்.

நான்காவது: சொல்கிறவர் கூடவே எதையாவது விற்கிறாரா?

மூன்றாவது கேள்வியைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் ஓர் உயிரின் விலையாகவும் இருக்கலாம். 2012 முதல் 2016 வரையிலான நம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது 3-ஆம், 4-ஆம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஏற்கெனவே தாமதம். அதற்கு மேல் மூன்று மாதம் மாத்திரைப் பரீட்சை என்றால்? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைச் சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு இறக்கும் ஆபத்து 5 மடங்குக்கும் மேல் இருந்தது.

அந்த மாணவி தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். அன்று இரவு மாமாவிடம் முதல் கேள்வியையும் நான்காவது கேள்வியையும் கேட்டாளாம். அவர் கோபித்துக்கொண்டார். அவள் விடவில்லை. மறுவாரம் பாட்டியோடு மருத்துவமனைக்குப் போய், புட்டியையே மருத்துவரிடம் காட்டிக் கேட்டிருக்கிறாள். கீமோ நடக்கும்போது இப்படிப்பட்ட மாத்திரைகளைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது, காட்டியது நல்லது என்று மருத்துவர் சொன்னாராம். பாட்டிக்குக் குறித்த தேதியிலேயே சிகிச்சை தொடங்கியது. முடிவு என்ன ஆகும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பாட்டி மூன்று மாதத்தை இழக்கவில்லை.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை ஆய்வகத்தில் வெள்ளை அங்கி போட்டு நிற்கப்போகிறீர்கள். அப்போது உங்களிடம் எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று கேட்பார்கள். கேட்கட்டும். நீங்கள் எழுதும் ஒவ்வோர் எண்ணையும் என்றாவது ஒருநாள், எங்கோ ஒரு வீட்டில், நோயாளி ஒருவர் நம்பப்போகிறார் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அந்தப் பழக்கத்தை அடுத்த சோதனை வகுப்பிலிருந்தே தொடங்கலாம். கோடு கோணலாக வந்தால், கோணலாகவே கொண்டுவந்து காட்டுங்கள்.